எருமைக்கு மேலே ஒரு விரல்

மார்ச் 4

அன்புள்ள கத்தரிக்கு,

ஸ்டுடியோவில் எல்லோரும் உன்னை அப்படியே கூப்பிட்டுப் பழகியதில் உன் சொந்தப் பெயர் என் வாய்க்கு அந்நியமாகிவிட்டது. ஆறு வருடமாக வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கும் மனைவியைப் பழைய பட்டப்பெயரால் அழைக்கலாமா என்று சற்று யோசித்தேன். வேறு எப்படி அழைத்தாலும் நீ திரும்பிப் பார்க்கமாட்டாய் என்று தோன்றியது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மகள் போனில் சொல்லிவிடுகிறாள். முழங்கால் வலியோடு அச்சகத்துக்கு நடந்தே போகிறாய் என்பதும் தெரியும்.

இப்போது எழுதுவது உன் அபிப்பிராயம் கேட்பதற்காக. நம் முதல் படத்தை, அட்டை வெட்டி நகர்த்தி எடுத்த அந்த எருமைப் படத்தை, திரைப்படக் காப்பகத்தார் புதுப்பிக்கிறார்கள். கீறல், தூசி, முடி எல்லாவற்றையும் நீக்கி, நிறத்தை மீட்டு, அடுத்த மாதம் பெரிய அரங்கில் திரையிடப்போகிறார்கள். சென்ற வாரம் என்னை அழைத்துப் போட்டுக் காட்டினார்கள்.

திரையில் ஆறு ஓடத் தொடங்கியதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். மூன்று நீலத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டினாயே, அந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. பழைய பிரதியில் அது வெறும் சாம்பல். எருமையின் முதுகில் நீ சின்னக் கத்தரியால் நறுக்கிய மயிர்கூட நிற்கிறது. உன் வேலை எவ்வளவு நேர்த்தியானது என்று மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. குறுக்கே படுத்திருக்கும் எருமையிடம் ஆறு வந்து, "கொஞ்சம் எழுந்திரு தாயே, நான் போகணும்" என்று கேட்கும் இடம். எருமை கண்ணை மூடும். மேலேயிருந்து ஒரு விரல் வந்து அதன் காதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். "மாட்டேன்" என்று குரல் வரும். ஆறு வளைந்து போகத் தொடங்கும்.

விரல் வரவில்லை. எருமை இருந்தது, ஆறு இருந்தது, குரல் வந்தது. விரல் இருந்த இடத்தில் சுத்தமான தண்ணீர்.

விளக்கு போட்டதும் காப்பக இயக்குநர் என் பக்கம் சாய்ந்து, "எப்படி சார் இருக்கு? ஒரு கை உள்ளே வந்திருந்தது, அதையும் எடுத்துட்டோம்" என்றார். நல்ல மனிதர், என்னைவிட இருபது வயது சின்னவர். நான் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். வாய் அப்படிப் பழகியிருக்கிறது. டீ குடிக்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றுதான் இருந்தது. குடித்தேன்.

பேருந்தில் வரும்போதுதான் யோசித்தேன். அவர்கள் செய்ததிலும் நியாயம் உண்டு. அது பிழைதானே. விளக்குச் சூட்டில் எருமையின் அட்டை சுருண்டது. நீ விரலால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். நான் அட்டைகளை அடுக்கிய கண்ணாடிப் பலகையைப் பார்க்காமல் என் அட்டவணையைப் பார்த்து, கட்டம் கட்டமாக டிக் போட்டபடி கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஸ்டுடியோவுக்குக் கீழே ஓர் அச்சகம் ஓடியதால் உனக்குக் கேமராச் சத்தம் கேட்கவில்லை. படத்தில் இரண்டு விநாடி உன் விரல் நின்றுவிட்டது. படச்சீலையைத் தொங்கவிட்டுக் கதை சொல்கிறவர் கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவாரே, அந்தக் கோலை இவர் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள். அதன்பின் நாமும் எடுத்த படத்திலெல்லாம் உன் கையை வேண்டுமென்றே வைத்தோம். கை தெரிந்தால் அது என் படம் என்றாகிவிட்டது.

ஆக, அடையாளம் என்னுடையது; விரல் உன்னுடையது. திரும்ப வைக்கச் சொல்லட்டுமா, இருக்கட்டும் என்று விடட்டுமா? நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
நான்தான்

*

மார்ச் 11

பார்க்கலாம் அவர்களுக்கு,

எனக்குக் கத்தரின்னு பேர் வெச்ச அதே ஆளுங்கதான் உங்களுக்குப் 'பார்க்கலாம்'னு வெச்சாங்க. யார் எது கேட்டாலும் நீங்க சொல்ற பதில் அது ஒண்ணுதானே. நீங்க மட்டும் என்னைப் பட்டப்பெயர்ல கூப்பிடலாம், நான் கூப்பிடக் கூடாதா.

போன் பண்ணாம எழுதினது நல்லதாப் போச்சு. போன்ல உங்க பேச்சு மூணே வார்த்தை. பேனாவைத் தொட்டா ஆளே வேற.

அந்த விரலைத் தேடி இப்போ பார்த்துக்கிட்டேன். நுனி கொஞ்சம் வளைஞ்சிருக்கு. நகத்தோரத்துல பசை அப்படியேதான் இருக்கு. அச்சகத்துல இப்போ பிரிச்சா எழுந்து நிக்கிற படப் புத்தகம் ஒண்ணு பண்றோம். அதுல ஒரு திமிங்கலம், புத்தகத்தை மூடினாலும் அதோட வாய் மட்டும் மூட மாட்டேங்குது. காலையிலேர்ந்து அதுகூடத்தான் மல்லுக்கட்டு. முதலாளி சின்னப் பையன், "அம்மா, வாயை வெட்டிடலாமா"ன்றான். "உன் வாயை முதல்ல மூடு, அப்புறம் இதைப் பார்ப்போம்"னேன்.

விரல் என்னோடதுதான். ஆனா வேணுமா வேண்டாமான்னு நான் சொல்லப்போறதில்லை. திருப்பி வைக்கச் சொல்லுங்கன்னு நான் எழுதினா, நீங்க அங்க போய் "வீட்ல சொல்றாங்க"ன்னு தலையைச் சொறிவீங்க. இருக்கட்டும்னு எழுதினா, நல்லவேளைன்னு நிம்மதியாத் தூங்குவீங்க. ரெண்டுக்கும் நான் ஆள் இல்லை.

மேசை ஞாபகம் இருக்கா? உங்க தயாரிப்பாளர் நண்பர் வந்து, மாடி ரூம்ல ஒரு மாசம் ஃபைலை வெச்சுக்கட்டுமான்னு கேட்டார். பார்க்கலாம்னீங்க. ஃபைல் வந்தது. பின்னாடியே அலமாரி வந்தது. அப்புறம் அவரே வந்து நாற்காலி போட்டு உக்காந்துட்டார். நான் வெட்டுற மேசை மாடியிலேர்ந்து இறங்கி சமையலறை ஓரத்துக்கு வந்தது. ஒரு கையால அட்டையை வெட்டிக்கிட்டே இன்னொரு கையால பால் பொங்காமப் பார்த்துக்கிட்டேன். "அவர்கிட்ட சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு மூணு வருஷம் சொன்னேன். நீங்க அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தீங்க.

நான் சண்டை போட்டேனா? இல்லை. மேசையை வண்டியில ஏத்திக்கிட்டு இங்க வந்துட்டேன். அவர் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயே ரெண்டு வருஷம் ஆச்சாம், பெட்டிங்க மட்டும் இன்னும் மாடியில இருக்காம். மகள் சொன்னா.

இதுவும் மேசை மாதிரிதான். சின்ன விஷயம். விரல் அளவுதான் இருக்கும். நீங்க எடுத்தது எருமை படம். அதுகிட்டேயாவது ஏதாவது கத்துக்கிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
கத்தரி

பி.கு. முழங்கால் தேவலை. மகள் ரெண்டு பக்கமும் ஒற்று வேலை பார்க்கிறா, ஜாக்கிரதை.

*

மார்ச் 19

அன்புள்ள கத்தரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேசையைப் பற்றி எழுதிய இடத்தை மூன்றாவது முறையும்.

நீ சொல்லமாட்டேன் என்றதும் என் வழக்கப்படி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம், விரலை வைக்கச் சொல்வதற்கான காரணங்கள். வலப்பக்கம், விட்டுவிடுவதற்கானவை. இடப்பக்கம் நன்றாகவே நிரம்பியது. கதை சொல்கிறவரின் தொடுகைதான் தட்டைப் படத்தை உயிராக்குகிறது. அது இந்தப் படத்தின் வரலாறு. பார்த்தவர்கள் அதைத் தேடுவார்கள். வலப்பக்கத்தில் 'பிழை' என்ற ஒரே சொல்தான் வந்தது. ஆனால் அந்த ஒரு சொல் இடப்பக்கம் முழுவதையும்விடக் கனமாக இருந்தது.

இருந்தாலும் காப்பகத்துக்குப் போன் செய்தேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை எழுதி முன்னால் வைத்துக்கொண்டேன். இயக்குநரே எடுத்து, "நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது. உங்க ஒப்புதல் இருந்தா போதும்" என்றார். "சரிங்க" என்றேன். "ரொம்ப நன்றி சார்" என்றார். "நன்றி" என்றேன். போனை வைத்துவிட்டேன். எழுதிவைத்த வாக்கியம் அப்படியே மேசைமேல் கிடந்தது. சிரிக்காதே.

வெட்கமாக இருந்ததால் நேரிலேயே போனேன். இயக்குநர் அறைக்கு அல்ல. கீழ்த்தளத்தில் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் பெண்ணிடம். ஜன்னல் இல்லாத அறை, கணினியின் கறுப்புத் திரை, அவளுக்குக் குளிராமல் இருக்க நாற்காலியின் பின்னால் ஒரு ஸ்வெட்டர். விரலை எப்படி எடுத்தாள் என்று காட்டினாள். விரல் வருவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்து மேலே பரப்பியிருக்கிறாள். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. நல்ல வேலை என்று சொன்னேன். அது உண்மை.

அவள் கொஞ்சம் தயங்கி, "சார், ஒண்ணு கேக்கலாமா? அது யாரோட விரல்?" என்றாள்.

"என் மனைவியோடது."

"நகத்துல பசை ஒட்டியிருந்தது சார். அதை எடுக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனா எடுக்கவேண்டிய குறைகள்ல அதுவும் இருந்தது, எடுத்துட்டேன்."

"திரும்ப வைக்க முடியுமா?"

"பழசு அப்படியே பத்திரமா இருக்கு சார். ஒரு நிமிஷ வேலை. மேலேயிருந்து சொன்னா வெச்சுடுவேன்."

வைக்கவே முடியாது என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும், நினைத்துப் பார்.

அன்றிலிருந்து மனதில் ஒன்று அரித்துக்கொண்டிருக்கிறது. நமக்கு அந்த எருமைக் கதையைக் கொடுத்த படச்சீலைக்காரரை நினைவிருக்கிறதா? சைக்கிளின் பின்னால் சுருட்டிய சீலையைக் கட்டிக்கொண்டு, காலை ஊன்றியபடியே நம்மிடம் பேசுவார். எருமை ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டால், ஒரு நாள் அதற்குக் கால்வலி என்பார். ஒரு நாள் வயிற்றில் கன்று என்பார். ஒரு நாள், "திமிருப்பா, வேற என்ன" என்பார். எதைப் படத்தில் வைப்பது என்று கேட்டேன். "உனக்கு எது வேணுமோ அது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துவிட்டார். எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. காரணத்தையே விட்டுவிட்டேன். அதை என் அடக்கம் என்று பாராட்டினார்கள்.

விரலும் அப்படித்தானே. நான் பலகையைப் பார்க்காததால் வந்தது. பிறகு நீதான் "போகட்டும், இருக்கட்டும்" என்றாய் என்று நினைக்கிறேன்; அதனால் இருந்தது. பதினொரு படம் எடுத்திருக்கிறேன். எல்லாமே நான் முடிவெடுக்காமல் விட்டவற்றால் ஆனதோ என்று தோன்றுகிறது. அப்படிப்பட்டவன் இன்று போய் ஒரு விரலுக்காக எந்த முகத்தோடு வாதாடுவது?

அன்புடன்,
நான்தான்

*

மார்ச் 26

பார்க்கலாம் அவர்களுக்கு,

நீங்க தப்பா ஞாபகம் வெச்சிருக்கீங்க. நம்ம வீட்ல எதையும் மறக்காத ஆள்னு உங்களுக்குப் பேரு. இதைப் போய் மறந்திருக்கீங்க. அதனால சொல்றேன், நிதானமாப் படிங்க.

ஃபிலிம் கழுவி வந்த அன்னைக்கு ஸ்டுடியோ சுவத்துல வெள்ளைத் துணி கட்டிப் போட்டுப் பார்த்தோம். நாம ரெண்டு பேர், ஸ்டுடியோ முதலாளி. எனக்கும் உங்களுக்கும் அப்போ கல்யாணம் ஆகலை. நான் அங்க நாள்கூலிக்கு அட்டை வெட்ட வந்தவ. என் விரல் துணி மேல இவ்வளவு பெருசா வந்து நின்னதும் எனக்கு உயிரே போச்சு. வேலை போச்சுன்னே நெனச்சேன். "தப்பு என்னோடது, ஒரு சுருள் மிச்சம் இருக்கு, நாளைக்கே திரும்ப எடுத்துடலாம்"னு நான்தான் சொன்னேன். 'இருக்கட்டும்'னு நான் சொல்லவே இல்லை. நான் சொன்னது 'எடுத்துடலாம்'.

நீங்க படத்தை மறுபடி ஓட்டினீங்க. அதுக்கப்புறமும் ஒருதரம் ஓட்டினீங்க. முதலாளி எழுந்து, "அந்தப் பொண்ணு சொல்றது சரிப்பா, நாளைக்குக் காலையில வெளக்கைப் போட்டு முடிச்சுடு"ன்னார்.

நீங்க "மாட்டேன்"னீங்க.

அவர் காது கேக்காத மாதிரி, "என்ன?"ன்னார். திரும்பவும் "மாட்டேன்". ஏன்னு கேட்டார். நீங்க ப்ரொஜக்டர் கண்ணாடியைத் துணியால துடைக்க ஆரம்பிச்சீங்க. அவர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தார், தலையை ஆட்டிக்கிட்டே கீழே இறங்கிப் போயிட்டார்.

யார் எது கேட்டாலும் தலையாட்டுற ஆள்னு ஸ்டுடியோவே உங்களைக் கேலி பண்ணும். நானும்தான் பண்ணியிருக்கேன். அன்னைக்குத்தான் இந்த மனுஷனைக் கட்டிக்கலாம்னு முடிவு பண்ணேன். இத்தனை வருஷத்துல உங்ககிட்ட இதைச் சொன்னதில்லை. சொன்னா தலைக்கனம் வரும்னு இல்லை, உங்களுக்கு அது எங்க வரப்போகுது. 'அப்படியா, அன்னைக்கு நான் பண்ணது சரியா'ன்னு கோடு போட்டுத் தாள் எடுத்துடுவீங்களேன்னு பயம்.

அதனால தயவுபண்ணி இதை உங்க தாள்ல இடது பக்கமும் எழுதாதீங்க, வலது பக்கமும் எழுதாதீங்க.

எருமைக்குக் காரணம் வைக்காதது முடிவெடுக்கத் தெரியாததாலன்னு எழுதியிருக்கீங்க. காரணம் சொல்லியிருந்தா அந்த ஆறு அதுக்கு ஒரு பதில் சொல்லியிருக்கும். கால்வலின்னா தைலம் தர்றேன்னு சொல்லியிருக்கும். எருமையும் எழுந்து போயிருக்கும். அப்புறம் ஏது படம்?

இன்னொண்ணு. நான் இங்க வந்தப்புறம் நீங்க எடுத்த படத்துல உங்க கையை வெச்சிருந்தீங்க. தியேட்டர்ல பார்த்தேன். டாக்டர்கிட்ட நாடி பார்க்க நீட்டின கை மாதிரி இருந்தது.

இப்படிக்கு,
கத்தரி

*

ஏப்ரல் 6

அன்புள்ள கத்தரிக்கு,

சொல்லிவிட்டேன்.

வரிசையாகவே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வராது. திங்கட்கிழமை காப்பகத்துக்குப் போனேன். காரணத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இயக்குநரின் மேசையில் அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. என் பெயரும் உன் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன, பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"அந்த விரலைத் திரும்ப வைக்கணுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்கதானே ரொம்ப நல்லா இருக்குன்னீங்க?"

"சொன்னேன். தண்ணி நல்லாத்தான் இருந்தது."

"இங்க பயிற்சிக்கு வர்ற மாணவர்கள் சில பேருக்குப் பழைய பிரதியைப் போட்டுக் காட்டினோம் சார். விரல் வந்ததும் இது மிஸ்டேக்குன்னு சொல்லிட்டாங்க. உங்க பேர் கெடக்கூடாதுன்னுதான் எடுத்தோம்."

"மிஸ்டேக்தாங்க."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்புறம் எதுக்கு சார் வைக்கணும்?"

என் கை தானாகப் பைக்குப் போனது. தாள் விரலில் பட்டது. எடுக்கவில்லை.

"அது இல்லாம படத்தைப் போட மாட்டேன்."

"ஒரு காரணம் சொன்னீங்கன்னா, குழுவுக்கு எழுதிக் கேக்கலாம் சார்."

"காரணம் ஒண்ணும் இல்லைங்க. மாட்டேன்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். எனக்கு எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றவில்லை. நாற்காலி நன்றாக இருந்தது. இன்னும் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. கடைசியில் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "சார், இது உங்க படத்துல வர்ற இடம் மாதிரியே இருக்கு. அப்போ நான்தான் ஆறா?" என்றார். கீழ்த்தளத்துக்குப் போன் செய்து, "அந்த விரலை வெச்சுடும்மா" என்றார்.

அந்தப் பெண் சொன்னபடி ஒரு நிமிட வேலைதான். கீழே போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் தண்ணீர் இருந்தது, அவள் எதையோ தட்டினாள், விரல் இருந்தது. நகத்தோரத்தில் பசை. "இப்போதான் சார் படம் மூச்சு விடுது" என்றாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்த வேகத்திலேயே தயாரிப்பாளர் நண்பருக்குப் போன் போட்டு, மாடியில் உள்ள பெட்டிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அடுத்த மாசம் பார்க்கலாமே" என்றார். என் வார்த்தையையே என்னிடம் சொல்கிறார். "நாளைக்கு வண்டி வரும், எங்க இறக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். முகவரி சொன்னார்.

மாடி அறையைக் கழுவிவிட்டேன். கிழக்கு ஜன்னல் திறக்கிறது. பெட்டிகளால் அது மூடியே கிடந்தது. வெட்டுகிறவளுக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரவேண்டும் என்பாய், அப்படித்தான் வருகிறது. மாடிப்படியையும் அளந்தேன். மேசையின் கால்களைக் கழற்ற வேண்டியதில்லை. திருப்பத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் திரும்பிவிடும்.

ஒரு புதுக் கதை கையில் இருக்கிறது. தன் நிழலைக் கூண்டில் விட்டுவிட்டுப் பறந்துபோகிற காகம். படங்கள் முழுவதையும் வரைந்துவிட்டேன். ஆனால் என் விரல்கள் இப்போது நடுங்குகின்றன. அட்டைத் துண்டுகள் நான் வைத்த இடத்தில் நிற்பதில்லை. கேமராவை என்னால் அழுத்த முடியும். நகர்த்த ஆள் வேண்டும். இந்த முறை அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டுப் பலகையைத்தான் பார்ப்பேன்.

அழைப்பிதழ் உள்ளே இருக்கிறது. இருபதாம் தேதி மாலை. நீ வந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதி, அடித்துவிட்டேன். வா. அப்படியே வீட்டுக்கும் வா.

அன்புடன்,
நான்தான்

*

ஏப்ரல் 24

அன்புள்ள உங்களுக்கு,

'பார்க்கலாம்'னு எழுத ஆரம்பிச்சேன். இனிமே அந்தப் பேர் பொருந்தாதேன்னு நிறுத்திட்டேன். புதுப் பேர் ஒண்ணு யோசிக்கணும்.

இருபதாம் தேதி நான் வந்திருந்தேன். நீங்க முன்வரிசையில கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. நான் கடைசி வரிசையில, தூண் மறைவுல உக்காந்திருந்தேன். மகளுக்குத் தெரியும், சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். அவளைத் திட்டாதீங்க.

முதல்ல எனக்குத் தண்ணிதான் கண்ணுல பட்டது. மூணு நீலமும் தெரிஞ்சுது. அந்த நீலத்தை வெட்டுறப்ப எனக்கு ரெண்டு விரல் கொப்பளிச்சது, அதுக்கு இப்போதான் பலன். அப்புறம் விரல் வந்தது. என் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, அம்மா மடியில. "அம்மா, அது யாரோட விரல்?"னு கேட்டுது. அவ அம்மா, "கதை சொல்றவங்களோடதுடா"ன்னா. அது சரின்னு தலையாட்டிக்கிட்டு எருமையைப் பார்க்க ஆரம்பிச்சுடுச்சு. அவ்வளவுதான் விஷயம். இதுக்கா நாம இவ்வளவு கடிதம் எழுதினோம்.

மேடையில உங்களைப் பேசச் சொன்னாங்க. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "விரல் என் மனைவியோடது, மத்தது படத்துலயே இருக்கு"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டீங்க. பின்னாடி யாரோ, "சுருக்கமாப் பேசுறார்ப்பா"ன்னாங்க. "எழுதினா நிறுத்த மாட்டார்"னேன்.

ஏன் வந்து பார்க்கலைன்னு கேப்பீங்க. அன்னைக்கு உங்க முகத்தைப் பக்கத்துல பார்த்திருந்தா, அந்த ராத்திரியே மேசையை வண்டியில ஏத்தியிருப்பேன். அப்படி ஏத்தக் கூடாதுன்னுதான் தூணுக்குப் பின்னாடி உக்காந்தேன்.

மாடி ரூமைக் கழுவினீங்க, படியை அளந்தீங்க, எல்லாம் எனக்குச் சந்தோஷம். மனசாரச் சொல்றேன். கிழக்கு ஜன்னல்னு எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். காகக் கதையும் பிடிச்சிருக்கு. நகர்த்தித் தர்றேன். என் கை இன்னும் ஆடலை.

ஆனா அந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன்.

என் மேசை இங்க ஜன்னலோரத்துல போட்டபடி இருக்கு. எழுந்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

இப்படிக்கு,
கத்தரி

பி.கு. திமிங்கலம் வாயை மூடிடுச்சு. நாக்கைக் கொஞ்சம் மடிச்சு ஒட்டினேன்.

*

ஏப்ரல் 29

அன்புள்ள கத்தரிக்கு,

உன் கடிதத்தை ஒரே ஒரு முறைதான் படித்தேன். தாள் எடுக்கவில்லை, கோடு போடவில்லை. ஏன் என்றும் கேட்கப்போவதில்லை. நம் படத்தில் ஆறு இரண்டாம் முறை கேட்கவில்லை.

மாடி அறையைக் காப்பகத்துப் பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஜன்னல் உள்ள அறை ஒன்று வேண்டியிருந்தது. கீழ் வீட்டின் சாவி மகளிடம்.

கேமராவையும் விளக்குகளையும் பெட்டியில் கட்டியாகிவிட்டது. காகத்தின் படங்கள் சுருட்டித் தனியாக, கையில். கேமரா மாட்டும் இரும்புச் சட்டம் மட்டும்தான் இடைஞ்சல். கொஞ்சம் உயரம், கொஞ்சம் அகலம். உன் வீட்டு வாசல் வழியாக அது நுழையுமா என்று தெரியவில்லை. வாசலை அளந்து எழுது என்று கேட்கலாம் என்று இருந்தேன்.

எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நானே அளந்துகொள்கிறேன்.

அன்புடன்,
நான்தான்